12 புள்ளிகளில் ஒரு பரீட்சை: பெர்சிஸ்டன்ட் ஹோமாலஜி மென்பொருளை நிறுவும்போது

தரவின் வடிவத்தில் உள்ள துண்டுகள், வளையங்கள், வெற்றிடங்களைக் கணக்கிடுவது பெர்சிஸ்டன்ட் ஹோமாலஜி. அதற்கான மென்பொருள் கம்பைல் ஆகாமல் அடம்பிடித்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பிழைச் செய்தி திரையிலேயே இருக்கும், தேடித் தீர்த்துவிடலாம். கவலைப்பட வேண்டியது, எல்லாம் சத்தமில்லாமல் ஓடி முடிந்து அழகான ஒரு பார்கோடைக் கையில் கொடுக்கும்போதுதான். அந்த எண்கள் ஆரமா விட்டமா, வர்க்கப்படுத்தியவையா இல்லையா, எந்தக் களத்தின் (கெழுக்களுக்கான எண் தொகுதியின்) மேல் கணக்கிட்டவை, கொடுத்த கோப்பைப் புள்ளிகளாகப் படித்ததா தொலைவுகளாகப் படித்ததா என்று எதையும் பார்கோடு தானாகச் சொல்லாது. நிறுவும்போதே இவற்றைச் சோதித்துவிட்டால் பிறகு பல வாரங்கள் மிச்சமாகும்.

விஷயம் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை என்றாலும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். புள்ளிக் கூட்டம் ஒன்று இருக்கிறது. இத்தனை தொலைவுக்குள் இருப்பவை இணைந்தவை என்று ஒரு அளவை வைத்து, அந்த அளவை மெல்ல மெல்லக் கூட்டுகிறோம். இப்படி உருவாகும் புள்ளி, விளிம்பு, முக்கோணம், நான்முகி ஒவ்வொன்றும் ஒரு சிம்ப்ளெக்ஸ், அவற்றின் தொகுப்பு காம்ப்ளெக்ஸ். துண்டுகள் எப்போது ஒன்று சேர்கின்றன என்பது எச்0. வளையங்கள் எப்போது பிறந்து எப்போது அடைபடுகின்றன என்பது எச்1. உள்ளே வெற்றிடம் கொண்ட கூடுகளின் கதை எச்2. பிறப்பும் இறப்பும் சேர்ந்த ஒரு ஜோடி ஒரு கோடு. கோடுகளின் தொகுப்பு பார்கோடு, அதே ஜோடிகளைப் புள்ளிகளாக வரைந்தால் டயகிராம். எடெல்ஸ்ப்ரன்னர், லெட்ஷர், ஸொமொரோடியன் மூவரும் 2000-இல் முன்வைத்த அணிச் சுருக்கல் முறையிலிருந்துதான் இன்றைய மென்பொருள்கள் எல்லாம் கிளைத்தன.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் தரவைப் பாருங்கள். கையில் இருப்பது தொலைவு அணி மட்டும் என்றாலோ, புள்ளிகள் 10, 50, 300 பரிமாணங்களில் இருந்தாலோ, தொலைவுகளை மட்டும் வைத்து ரிப்ஸ் காம்ப்ளெக்ஸைக் கணக்கிடும் ரிப்ஸர். புள்ளிகள் 2 அல்லது 3 பரிமாணத்தில் இருந்து, எண்ணிக்கை லட்சக்கணக்கில் போனால் குட்ஹி லைப்ரரியின் ஆல்ஃபா காம்ப்ளெக்ஸ். படமோ ஸ்கேனோ என்றால் க்யூபிகல் காம்ப்ளெக்ஸ். அதுவும் குட்ஹியில் உண்டு. 3 பரிமாணப் புள்ளிகளுக்கு ரிப்ஸ் கணக்கிட்டுக்கொண்டு நினைவகம் போதவில்லை என்று புலம்புபவர்கள் ஏராளம். ஆல்ஃபாவுக்கு மாறினால் அதே வேலை பெரும்பாலும் சில நொடிகளில் முடியும்.

ரிப்ஸரிலிருந்து தொடங்குவோம். உல்ரிஹ் பவுவர் எழுதியது. மூலக்குறியீடு ஒரே ஒரு சி++ கோப்பு, ஏறத்தாழ 1000 வரிகள். வெளி லைப்ரரி எதையும் அது கேட்காது. சி++11 தெரிந்த கம்பைலர் இருந்தால் போதும். களஞ்சியத்தைக் கிட் மூலம் இறக்கி, அந்த அடைவுக்குள் போய், மேக் என்று அடித்தால் ஓரிரு நிமிடத்துக்குள் இயங்குகோப்பு தயார். ஆனால் வெறும் மேக் அடித்தால் சாதாரண வடிவம் மட்டும்தான் வரும். மேக் ஆல் என்று அடித்தால் மூன்று வரும்: சாதாரண வடிவம், வேறு பகா எண் களங்களில் கணக்கிட உதவும் கோயெஃப் வடிவம், டீபக் வடிவம். மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூன்றுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது.

சாதாரண வடிவம் ஓ3 உகப்பாக்கத்தோடும் என்டீபக் என்ற மேக்ரோவோடும் கம்பைல் ஆகிறது. இந்த மேக்ரோவைக் கொடுத்தால் நிரலுக்குள் இருக்கும் அசெர்ட் சோதனைகள் எல்லாம் அணைந்துவிடும். வேகத்துக்கு அது தேவை. அதன் விலை என்ன என்பதைக் கீழே வரும் 12 புள்ளிகளே காட்டிக் கொடுக்கும்.

ஆரம் 1 உள்ள வட்டத்தில் 30 பாகை இடைவெளியில் 12 புள்ளிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு ஆயங்கள், நடுவில் காற்புள்ளி. தசமத்துக்குப் பின் 8 இலக்கமாவது எழுதுங்கள். இந்தக் கோப்பின் விடையைக் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறோம். பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையிலான நாண் 15 பாகையின் சைனைப் போல இரு மடங்கு, அதாவது 0.517638. அந்தத் தொலைவில் 12 துண்டுகளும் ஒரே மாலையாகச் சேர்ந்து வளையம் பிறக்கும். அது எப்போது இறக்கும்? வட்டத்தின் மையத்தை உள்ளடக்கிய ஒரு முக்கோணம் முதன்முதலில் நிரம்பும்போது. 0, 4, 8 ஆகிய புள்ளிகளால் ஆன சமபக்க முக்கோணம் அது. பக்கம் √3, அதாவது 1.73205.

ரிப்ஸரை பாயிண்ட்-க்ளவுட் என்ற ஃபார்மேட்டோடும், டிம் ஆப்ஷனுக்கு 2 என்றும் கொடுத்து ஓட்டுங்கள். எச்0-இல் 0 முதல் 0.517638 வரை 11 கோடுகள், முடிவில்லாத கோடு ஒன்று. எச்1-இல் 0.517638 முதல் 1.73205 வரை ஒரே கோடு. எச்2-ஐப் பார்த்ததும் பலர் திடுக்கிடுவார்கள்: 1.73205-இல் பிறந்து 1.93185-இல் இறக்கும் 3 கோடுகள். புள்ளிகள் எல்லாம் ஒரே தளத்தில் கிடக்கும்போது கூடு எங்கிருந்து வந்தது? பிழையில்லை, அதுதான் சரியான விடை. மையத்தை உள்ளடக்கிய சமபக்க முக்கோணங்கள் நான்கு இருக்கின்றன. முதலாவது வளையத்தை அடைக்கிறது. மற்ற மூன்றும் ஆளுக்கொரு கூட்டை மூடுகின்றன. எதிரெதிர்ப் புள்ளிகளைத் தவிர மற்ற எல்லாமே இணைந்துவிடும் 1.93185 என்ற தொலைவில் அவை நிரம்பிப் போகின்றன. ரிப்ஸ் காம்ப்ளெக்ஸ் தளத்துக்குள் அடங்கி வாழாது. சோடி சோடியாகத் தொலைவு மட்டும்தான் அதற்குத் தெரியும். உங்கள் தரவில் குட்டி குட்டி எச்2 கோடுகள் தெரியும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது அதே கோப்பை, ஃபார்மேட்டை லோயர்-டிஸ்டன்ஸ் என்று தவறாகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பொருள் கீழ்முக்கோணத் தொலைவு அணி. கோப்பிலுள்ள 24 எண்களையும் தொலைவுகள் என்றே அது எடுத்துக்கொள்ளும். அத்தனை தொலைவுகளுக்கு எத்தனை புள்ளிகள் என்று வாய்ப்பாட்டில் போட்டால் 7.45 வருகிறது, பின்னத்தை வெட்டி 7 என்று வைக்கிறது. 7 புள்ளிக்கு 21 தொலைவு போதும், மீதி 3 எண்கள் காற்றில் போயின. பிழைச் செய்தி கிடையாது, பார்கோடு மட்டும் வரும். எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் அசெர்ட் நிரலில் இருக்கத்தான் செய்கிறது. என்டீபக் அதை அணைத்துவிட்டது. டீபக் வடிவத்தில் இதே கோப்பைக் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடும். அதனால் புதிய தரவு ஒவ்வொன்றையும் முதலில் சிறு மாதிரியாக டீபக் வடிவத்தில் ஒரு முறை ஓட்டிவிட்டு, பிறகு முழுத் தரவை வேகமான வடிவத்துக்குக் கொடுப்பது நல்ல வழக்கம். அதோடு வெளியீட்டின் முதல் வரிகளைக் கட்டாயம் படியுங்கள். எத்தனை புள்ளிகள், மதிப்புகளின் வீச்சு என்ன என்று ரிப்ஸர் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். தொலைவுகளின் வீச்சு −1-இல் தொடங்குகிறது என்றால் தொலைவு எப்படி எதிர்மறையானது என்று கேட்க வேண்டாமா?

பைத்தானில் பிப் மூலம் ரிப்ஸர் என்று நிறுவினால் வருவது சைக்கிட்-டிடிஏ குழுவின் ரிப்ஸர்.பை. உள்ளே ஓடுவது பவுவரின் நிரலைத் தழுவிய எஞ்சின். மேலே நம்பை இடைமுகம். அங்கும் இதே சிக்கல் வேறு வேஷத்தில் இருக்கிறது. 12க்கு 12 தொலைவு அணியைக் கொடுத்து, டிஸ்டன்ஸ்-மேட்ரிக்ஸ் என்ற கொடியை மெய் என்று வைக்க மறந்தால், 12 பரிமாணத்தில் இருக்கும் 12 புள்ளிகள் என்று எடுத்துக்கொண்டு அவற்றுக்கிடையே யூக்ளிட் தொலைவைக் கணக்கிடும். சதுர அணி, கொடி அணைந்திருக்கிறது என்று ஓர் எச்சரிக்கை வரும். ஜூபிடர் நோட்புக்கில் எச்சரிக்கைகளை மொத்தமாக அடக்கிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கண்ணில் அது படாது. நம்பை 2 வந்தபிறகு இன்னொரு தொல்லை சேர்ந்தது: பழைய நம்பையோடு கம்பைல் ஆன வீல் (பிப் இறக்கும் ஆயத்தப் பொதி), புதிய நம்பையோடு இம்போர்ட் ஆகும்போது முறிந்துவிடும். ஏற்கெனவே பலது குவிந்த சூழலில் ஒட்டுப்போடுவதை விட, புதிய மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி, பிப்பின் தற்காலிகச் சேமிப்பைப் பயன்படுத்தாமல் மறுபடி நிறுவுவதே விரைவான வழி.

குட்ஹிக்கு வருவோம். பிரான்ஸின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்தில் வளர்ந்த பெரிய சி++ லைப்ரரி, பைத்தான் இடைமுகத்தோடு. பெரும்பாலானோர் இதை மூலத்திலிருந்து கட்ட வேண்டிய அவசியமே இல்லை. பிப் அல்லது கோண்டா-ஃபோர்ஜ் கொடுக்கும் பொதியில் தேவையான எல்லாமே இருக்கிறது. சி++ பக்கத்தில் கைவைக்கப் போகிறீர்கள், அல்லது ஆயத்தப் பொதி கிடைக்காத கணினியில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் கட்டுங்கள்.

கட்டுவது என்று முடிவெடுத்தால், டெபியன் அல்லது உபுண்டுவில் பூஸ்ட், சீகால், ஐகன், ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், டிபிபி ஆகியவற்றின் டெவ் பொதிகளையும் சிமேக்கையும் முதலில் போட்டுக்கொள்ளுங்கள். களஞ்சியத்தை இறக்கியதும் கிட் சப்மாட்யூல்களையும் இறக்க வேண்டும். இதை மறந்தால் டயகிராம்களுக்கு இடையே வாசர்ஸ்டைன் தொலைவு கணக்கிடும் ஹெரா என்ற பகுதி காலி அடைவாகவே இருக்கும். பிறகு தனியாக ஒரு பில்ட் அடைவு. அதற்குள்ளிருந்து சிமேக்கை ஓட்டும்போது பில்ட் டைப் ரிலீஸ் என்று வெளிப்படையாகவே கொடுங்கள். சீகால் போன்ற டெம்ப்ளேட் லைப்ரரிகள் உகப்பாக்கம் இல்லாமல் கம்பைல் ஆனால் தாங்க முடியாத அளவுக்கு மெதுவாக ஓடும்.

சிமேக் வெளியீட்டை ஓட்டமாக ஓடவிடாமல் வரிவரியாகப் படிக்க வேண்டிய இடம் இது. சீகாலோ ஐகனோ கிடைக்கவில்லை என்றால் குட்ஹி பிழை சொல்லி நிற்காது. அவற்றை நம்பியிருக்கும் மாட்யூல்களை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கட்டி முடித்துவிடும். மேக் நிறைவேறும், சோதனைகளும் தேறும், ஏனென்றால் கட்டப்படாத மாட்யூலுக்குச் சோதனையும் கட்டப்படுவதில்லை. கடைசியில் பைத்தானில் ஆல்ஃபா காம்ப்ளெக்ஸை அழைக்கும்போதுதான் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று தெரியவரும்.

கட்டும்போது வழக்கமாக இடறும் இடங்கள் சில. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் மேக்குக்கு 8 இணைவேலைகள் கொடுத்தால், பாதியில் கம்பைலர் கொல்லப்பட்டது என்ற செய்தியோடு நிற்கும். குறியீட்டில் பிழை தேடிப் பயனில்லை. சீகால் டெம்ப்ளேட் நிறைந்த ஒரே ஒரு கோப்பைக் கம்பைல் செய்யவே ஒன்றிரண்டு ஜிபி நினைவகம் போகும். எட்டு ஒன்றாக ஓடினால் இயங்குதளம் ஒன்றைக் கொன்றுதான் ஆக வேண்டும். இணைவேலையை 2 ஆகக் குறையுங்கள். இன்னொன்று, கோண்டா சூழல் விழித்திருக்கும்போது சிமேக்கை ஓட்டுவது. பூஸ்ட் கோண்டாவிலிருந்து, சீகால் கணினியிலிருந்து, பைத்தான் வேறெங்கிருந்தோ என்று கலந்துபோய், கம்பைல் எல்லாம் ஆகி, இம்போர்ட் செய்யும்போது தெரியாத சிம்பல் என்ற பிழை வரும். எல்லாமே கோண்டாவிலிருந்து, அல்லது எல்லாமே கணினியிலிருந்து என்று ஒரு பக்கம் நில்லுங்கள். மாற்றி முயலும்போது பழைய சிமேக் கேஷ் கோப்பை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். முன்பு கண்டுபிடித்த பாதைகளை அது விடாப்பிடியாக நினைவில் வைத்திருக்கும்.

வேகத்துக்கு ஆசைப்பட்டு ஃபாஸ்ட்-மேத் கொடியைச் சேர்க்காதீர்கள். முடிவிலி என்று ஒரு எண் வரவே வராது என்று அது கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கிறது. பெர்சிஸ்டன்ட் ஹோமாலஜியிலோ முடிவிலி இறப்பு வழக்கமாகவே வரும். தவிர, சீகாலின் இடைவெளிக் கணக்கு, மிதவை எண்ணை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதைக் கட்டுப்படுத்தித்தான் தன் துல்லியத்தைக் காப்பாற்றுகிறது. ஃபாஸ்ட்-மேத் அதையும் குலைக்கும். மார்ச்-நேட்டிவ் கொடியில் அப்படி ஆபத்தில்லை. ஆனால் அதை வைத்துக் கட்டியதைப் பழைய செயலி உள்ள கணினிக்குக் கொண்டுபோனால் செல்லாத கட்டளை என்று சொல்லி உடனே படுத்துவிடும். கம்ப்யூட் க்ளஸ்டர்களில் லாகின் நோடில் கட்டி, வேறு தலைமுறை நோடில் ஓட்டுபவர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள். உரிமத்தையும் ஒரு பார்வை பாருங்கள். குட்ஹியின் சொந்தக் குறியீடு பெரும்பாலும் எம்ஐடி உரிமம். சீகாலை நம்பியிருக்கும் மாட்யூல்களுக்கு ஜிபிஎல் பொருந்தும். மென்பொருளை விற்கப் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

கட்டி முடித்ததும் அந்த 12 புள்ளிகளை இங்கேயும் கொடுங்கள். முதலில் குட்ஹியின் ரிப்ஸ் காம்ப்ளெக்ஸ். சிம்ப்ளெக்ஸ் ட்ரீ உருவாக்கும்போது மேக்ஸ்-டைமென்ஷன் என்று ஒரு எண் கேட்கும். ரிப்ஸரின் டிம் ஹோமாலஜியின் பரிமாணம். குட்ஹியின் இந்த எண் காம்ப்ளெக்ஸின் பரிமாணம். எச்1 வேண்டுமென்றால் ரிப்ஸருக்கு 1, குட்ஹிக்கு 2. வளையத்தை அடைக்க முக்கோணம் வேண்டுமே! பழக்கதோஷத்தில் குட்ஹிக்கும் 1 என்று கொடுத்தால் எச்1 வெளியீட்டிலேயே இருக்காது, ஏனென்றால் மிக உயர்ந்த பரிமாணத்தை இயல்பாக அது விட்டுவிடும். அதையும் காட்டு என்று வற்புறுத்தினால் முடிவில்லாத 55 வளையங்கள் வரும்: 66 விளிம்புகளில் 12 புள்ளிகளை இணைக்க 11 போக, மீதி ஒவ்வொன்றும் அடைக்க ஆளில்லாத ஒரு வளையம். எச்1 சரிதானா என்று பார்க்க 2, எச்2-வும் சேர்த்துப் பார்க்க 3. அப்போது ரிப்ஸர் தந்த அதே எண்கள் வர வேண்டும்.

அடுத்து ஆல்ஃபா காம்ப்ளெக்ஸ். அதே 12 புள்ளிகள், எச்1-இல் அதே ஒற்றைக் கோடு. எண்களோ 0.06699-இல் பிறப்பு, 1-இல் இறப்பு. இதையும் ரிப்ஸரின் 0.5176, 1.7321 என்ற ஜோடியையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வேடுகள் இருந்தால் வியப்பில்லை. குட்ஹியின் ஆல்ஃபா இயல்பாகத் தருவது ஆரத்தின் வர்க்கம். ரிப்ஸ் தருவது விளிம்பின் நீளம், அதாவது விட்டம். வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 0.06699-இன் வர்க்கமூலம் 0.2588, இரட்டித்தால் 0.5176. பிறப்பு அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. இறப்போ 2 ஆகிறது, ரிப்ஸில் 1.7321. இது அலகுக் குழப்பமில்லை, இரண்டு காம்ப்ளெக்ஸுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு. ஆல்ஃபாவில் வட்டத்தின் ஓட்டை, புள்ளிகளைச் சுற்றி வளரும் பந்துகளின் ஆரம் 1 ஆகும்வரை மூடாது, ஏனென்றால் அது அந்தப் பந்துகளின் ஒன்றிணைவையே பின்பற்றுகிறது. ரிப்ஸ், மூன்று பக்கமும் குறுகியிருந்தாலே முக்கோணம் நிரம்பிவிட்டது என்று அவசரப்படுகிறது. சமபக்க முக்கோணத்தில் இந்த அவசரம் மிக அதிகம்: 2க்கு √3. புதிய குட்ஹி பதிப்புகளில் வர்க்கப்படுத்தாமல் கொடு என்று சொல்லும் ஆப்ஷன் உண்டு. எந்த வழியில் போனாலும், முடிவுகளைச் சேமிக்கும் கோப்பின் தலைப்பில் ஆரமா, விட்டமா, வர்க்கமா என்று எழுதிவிடுங்கள்.

வட்டம் காட்டிக்கொடுக்காத ஒரு வித்தியாசம் களம். ரிப்ஸர் எப்போதும் 2 என்ற பகா எண்ணின் களத்தில் கணக்கிடும். வேறு வேண்டுமென்றால் கோயெஃப் வடிவத்தில் மாடுலஸ் ஆப்ஷன். ரிப்ஸர்.பையின் இயல்புநிலையும் 2. குட்ஹியின் இயல்புநிலையோ 11. டார்ஷன் (களத்தைப் பொறுத்துத் தெரிந்தோ மறைந்தோ போகும் முறுக்கு) இல்லாத வடிவங்களில் இரண்டும் ஒரே விடை தரும் என்பதால் யாருக்கும் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சோதிக்க ப்ரொஜெக்டிவ் தளம் வேண்டும். கோளத்தின் மேல் சில நூறு புள்ளிகளைச் சீராகப் பரப்புங்கள். இரண்டு திசையன்களின் உட்பெருக்கத்துக்குத் தனிமதிப்பு எடுத்து, அதன் ஆர்க் கொசைனைத் தொலைவாக வையுங்கள். எதிரெதிர்ப் புள்ளிகள் ஒன்றாகிவிட்டன, கோளம் ப்ரொஜெக்டிவ் தளமாகிவிட்டது. இந்தத் தொலைவு அணியை மாடுலஸ் 2-இல் ஓட்டினால் எச்1-இல் ஒரு நீண்ட கோடு தெளிவாக நிற்கும், 1.05-க்குச் சற்று முன்பின் இறக்கும். மாடுலஸ் 3-இல் ஓட்டினால் அந்தக் கோடு இருக்காது. 11-இலும் இருக்காது. ஒரே தரவு, ஒரு கருவியில் வளையம் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை என்று யாராவது வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி களம் எது என்பதுதான். கட்டுரைகளில் களத்தைக் குறிப்பிடாமல் விடுவது பரவலாக இருக்கிறது, அது சரியில்லை.

இனி அளவு. ரிப்ஸரோடு வரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று கோளத்தின் மேல் 192 புள்ளிகள். எச்2 வரை போக நான்முகிகள் வரை எண்ண வேண்டும். மொத்தம் 5,60,50,288 சிம்ப்ளெக்ஸ்கள். வெறும் 192 புள்ளிக்கு இது. 1000 புள்ளி என்றால் முக்கோணங்கள் மட்டும் 16.6 கோடி, நான்முகிகள் ஏறத்தாழ 4,142 கோடி. குட்ஹியின் சிம்ப்ளெக்ஸ் ட்ரீ இவை ஒவ்வொன்றையும் நினைவகத்தில் வைக்கும். ஒன்றுக்கு 32 பைட் என்று வைத்தாலும் எச்1-க்கே 5 ஜிபிக்கு மேல் போகிறது, எச்2-ஐப் பேசவே வேண்டாம். ரிப்ஸர் வேறு வழியில் போகிறது. அணியைச் சேமிப்பதில்லை, அதன் தேவையான நெடுவரிசையை அந்தந்த நேரத்தில் தொலைவுகளிலிருந்து உருவாக்கிக்கொள்கிறது. ஹோமாலஜிக்குப் பதில், அதே பார்கோடைத் தரும் அதன் இணையான கோஹோமாலஜியைக் கணக்கிடுகிறது. ஒரு பரிமாணத்தில் ஜோடி சேர்ந்தவற்றை அடுத்ததில் சுருக்காமலே ஒதுக்கிவிடுகிறது. பார்த்த மாத்திரத்தில் தெரியும் ஜோடிகளைச் சுருக்கலுக்கே அனுப்புவதில்லை. இந்த நாலும் சேர்ந்த விளைவுதான் அதன் வேகம். அதனால்தான் 192 புள்ளிக் கோளம் மடிக்கணினியிலேயே சில நொடிகளில் முடிகிறது.

ரிப்ஸருக்கும் எல்லை உண்டு. 50,000 புள்ளிகளின் தொலைவு அணி மட்டும் 5 ஜிபி. சிம்ப்ளெக்ஸ்களை 64 பிட் எண்ணாகக் குறியிடுவதால் 20,000 புள்ளிகளுக்கு எச்3 கேட்டால் அந்த எண்ணே நிரம்பி வழியும். ரிப்ஸர் அதைக் கண்டுபிடித்துப் பிழை சொல்லி நிற்கும். கோயெஃப் வடிவத்தில் கெழுவுக்கு 8 பிட் போய்விடுவதால் இந்த எல்லை இன்னும் முன்னாடியே வரும். இப்படிப்பட்ட இடங்களில் புள்ளிகளைக் குறைப்பதுதான் நேர்மையான வழி. ரிப்ஸர்.பையில் என்-பெர்ம் என்ற ஆப்ஷன், ஏற்கெனவே எடுத்த புள்ளிகளுக்கு மிகத் தொலைவில் இருப்பதை அடுத்து எடு என்ற முறையில் பரவலான மாதிரியைத் தேர்ந்தெடுக்கும். குட்ஹியில் விளிம்புகளை மட்டும் வைத்து ட்ரீயை உருவாக்கி, எட்ஜ் கொலாப்ஸ் செய்து, அதன்பிறகு எக்ஸ்பான்ஷன் செய்தால் பார்கோடு மாறாமல் காம்ப்ளெக்ஸ் பல மடங்கு சுருங்கும். இதைச் செய்யாமல் குட்ஹியில் ரிப்ஸ் ஓட்டுவதில் எந்த நியாயமும் இல்லை. என்விடியா அட்டை இருப்பவர்களுக்கு ரிப்ஸர்++ உண்டு. கூடா டூல்கிட் வேண்டும். பல கோர்களில் ஓட ஜியோட்டோ-பிஎச்.

ரிப்ஸர் மதிப்புகளை 32 பிட் மிதவை எண்ணாக வைத்திருக்கிறது, குட்ஹி 64 பிட்டாக. புவியியல் தரவோடு வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இடத்தை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் ஆயங்களில் வடக்கு மதிப்பு பல லட்சம் மீட்டர் இருக்கும். 10 லட்சத்தை ஒட்டிய மதிப்புகளில் 32 பிட்டில் அடுத்தடுத்த எண்களுக்கிடையே 6 முதல் 12 சென்டிமீட்டர் வரை இடைவெளி. மரங்களுக்கிடையிலான தொலைவு என்றால் பரவாயில்லை. லேசர் ஸ்கேன் புள்ளிகள் என்றால் பாறையின் நுண்வடிவம் எல்லாம் படிக்கட்டாகிவிடும். ரிப்ஸருக்குக் கொடுக்கும் முன் 64 பிட்டில் வைத்தே சராசரியைக் கழித்துவிடுங்கள். ஒரு வரி வேலை.

கடைசியாக த்ரெஷோல்ட், அதாவது எந்தத் தொலைவோடு கணக்கை நிறுத்துவது என்ற வரம்பு. ரிப்ஸருக்கு நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் என்க்ளோசிங் ரேடியஸ் என்ற அளவோடு தானே நிறுத்திக்கொள்ளும். எல்லாப் புள்ளிகளையும் அந்தத் தொலைவுக்குள் வைத்திருக்கும் ஒரு புள்ளி கிடைத்துவிட்டால் காம்ப்ளெக்ஸ் முழுவதும் கூம்பாகிவிடும், அதற்குமேல் எதுவும் நடக்காது. அதனால் இதில் இழப்பே இல்லை. நீங்களாக அதற்குக் கீழே ஓர் எண்ணைக் கொடுத்தால் கதை வேறு. 12 புள்ளி வட்டத்துக்கு 1.5 என்று கொடுங்கள்: எச்1 கோடு 0.5176-இல் பிறக்கும், இறப்பு காலியாக இருக்கும். குட்ஹியில் மேக்ஸ்-எட்ஜ்-லெங்த் 1.5 என்று கொடுத்தால் இறப்பு முடிவிலி. 1.5 வரை பார்த்தேன், இன்னும் சாகவில்லை என்பதுதான் இரண்டுக்கும் பொருள். முடிவிலி வரை வாழும் வளையம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்படி வந்த இரண்டு டயகிராம்களை ஒப்பிட நேராக பாட்டில்நெக் தொலைவுக்குக் கொடுத்தால், ஒன்றில் 3 முடிவிலிக் கோடுகளும் இன்னொன்றில் 4-உம் இருந்தால் விடை முடிவிலி என்று வந்து நிற்கும். ஒப்பிடப்போகும் மாதிரிகள் அனைத்துக்கும் ஒரே த்ரெஷோல்டை வையுங்கள், எச்1-க்கும் அதற்கு மேலும் முடிவிலி இறப்புகளை அந்த த்ரெஷோல்ட் மதிப்பாலேயே மாற்றுங்கள். எச்0-இல் உண்மையிலேயே சாகாத அந்த ஒரு கோட்டை ஒப்பீட்டுக்கு முன் எடுத்துவிடலாம்.